அபிஸ்கோ: லைக்கன் மேல குடியிருக்கிற காளான்களைத் தேடி

ஸ்வீடனோட வடகோடில இருக்கிற அபிஸ்கோவை நெட்ல தேடினா, ராத்திரி வானத்துல பச்சை கலர்ல ஒளி ஆடுற அரோரா படமா வந்து கொட்டும். பாதி பேர் அதுக்குத்தான் போறாங்க, மீதி பேர் குங்ஸ்லேடன்னு ஒரு நீளமான ட்ரெக்கிங் பாதை இருக்கு, அது இங்கேர்ந்துதான் ஆரம்பிக்குது, அதுக்காக போறாங்க. நாங்க ரெண்டுக்கும் போகல. எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா ஸ்வீடன்ல லைக்கன் ஆராய்ச்சி பண்றாங்க, "ஆகஸ்ட் கடைசில வடக்க போறேன்டா, பை தூக்க ஆள் வேணும், வர்றியா"ன்னு கேட்டாங்க. எனக்கும் லீவு பாக்கி இருந்துச்சு. ஸ்டாக்ஹோம்ல நைட் ட்ரெயின் ஏறினா மறுநாள் கிரூனா தாண்டி நேரா அபிஸ்கோவுலயே இறங்கிக்கலாம். இரும்புத்தாதுவை நார்வே பக்கம் நார்விக் துறைமுகத்துக்கு கொண்டு போறதுக்காக போட்ட லைன் அது, இன்னைக்கும் தாது வண்டி நீள நீளமா போய்க்கிட்டே இருக்கு.

நம்ம ஊர்ல பிரியாணிலயும் செட்டிநாடு மசாலாலயும் போடுற கல்பாசி தெரியும்ல, அது ஒரு லைக்கன்தான். ஒரு காளானும் ஒரு பச்சைப்பாசியும் (சில சமயம் நீலப்பச்சை பாக்டீரியா) சேர்ந்து ஒரே உடம்பா வாழுது, காளான் கூடு கட்டுது, பாசி வெயில்ல சாப்பாடு செய்யுது. இது வரைக்கும் பள்ளிக்கூடத்துல படிச்சது. படிக்காதது என்னன்னா, இந்த லைக்கன் மேல இன்னொரு காளான் வந்து உக்காந்துக்கும். அதுக்கு சொந்தமா பாசி கிடையாது, அந்த லைக்கனை விட்டா வேற எங்கயும் வாழத் தெரியாது. சிலது லைக்கனைத் தின்னே தீர்த்துடும், சிலது கட்டி கட்டியா வீங்க வைக்கும், சிலது யாருக்கும் தொந்தரவு இல்லாம ஓரமா இருந்துட்டு போயிடும். 2018ல பால் டீடெரிக், ஜேம்ஸ் லாரி, டேமியன் எர்ட்ஸ்னு மூணு பேர் சேர்ந்து உலகம் முழுக்க இப்படி எத்தனை இருக்குன்னு ஒரு பட்டியல் போட்டாங்க, லைக்கன் மேல மட்டுமே வாழ்ற, தானே லைக்கனா மாறாத இனங்கள் மட்டும் 2000. அக்காவுக்கு வேலை இந்தக் காளான்களோடதான்.

அபிஸ்கோ ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்க சுமார் 200 கிலோமீட்டர். எதிர்ல டோர்னெட்ரேஸ்க் ஏரி, இந்தப் பக்கம் லாப்போர்டன்னு ரெண்டு மலைக்கு நடுவுல யாரோ அளவெடுத்து குடைஞ்ச மாதிரி ஒரு பள்ளத்தாக்கு. சுத்தி உள்ள மலைங்க மழையை மறிச்சிடறதால வருஷத்துக்கு 300 மில்லிமீட்டர் சொச்சம்தான் மழை, கொஞ்சம் மேற்க நார்வே பார்டர்கிட்ட போனா அதைப்போல ரெண்டு மூணு மடங்கு பெய்யுது. 1913லேர்ந்து இங்க ஒரு அறிவியல் ஆய்வு நிலையம் ஓடிக்கிட்டு இருக்கு, அதுக்கு முன்னாடி பக்கத்துல வாஸியவ்ரேல இருந்துச்சாம், 1910ல அது எரிஞ்சு போச்சு.

தேசிய பூங்கா எல்லைக்குள்ள பர்மிஷன் இல்லாம ஒரு துண்டு லைக்கன்கூட எடுக்கக் கூடாது. அதனால பூங்காவுக்குள்ள லென்ஸ் வச்சுப் பாக்கறதோட சரி, எடுக்கறதெல்லாம் அக்கா முன்னாடியே அனுமதி வாங்கி வச்சிருந்த மேற்குப் பக்கச் சரிவுலதான், பியார்க்லிடனுக்கு மேல. பியர்ச் மரமெல்லாம் குட்டை குட்டையா கோணல் மாணலா நிக்கும், ஒரு உயரத்துக்கு மேல அதுவும் நின்னுடும், அப்புறம் வெறும் கல்லு, புல்லு, லைக்கன். மரம் இல்லாத இடத்துலதான் லைக்கன் ராஜ்ஜியம். வடக்க இந்தக் காளான்கள் இவ்வளவு கிடைக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம்னு அக்கா சொன்னாங்க, மெதுவா வளர்ந்து ரொம்ப காலம் உயிரோட இருக்கிற லைக்கன் ஏக்கர் கணக்குல விரிஞ்சு கிடக்கும்போது அதை நம்பி வாழ்றதும் பெருகத்தானே செய்யும்.

நான் நினைச்சேன் மலை ஏறுவோம், போட்டோ எடுப்போம், நடுநடுவுல ரெண்டு கல்லைப் பொறுக்குவோம்னு. அக்கா ஒரு கல்லுகிட்ட முட்டி போட்டு உக்காந்தாங்கன்னா எந்திரிக்கவே மாட்டாங்க. கழுத்துல இருபது மடங்கு லென்ஸ், கல்லுக்கும் மூக்குக்கும் நடுவுல ரெண்டு விரல்கடை இடைவெளி, கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு பாக்கறதுன்னா என்னன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. நான் பக்கத்துல நின்னு கொசு ஓட்டிக்கிட்டு இருந்தேன் (ஆகஸ்ட் கடைசில கொசு குறைஞ்சிருக்கும்னு எழுதியிருந்தாங்க, குறைஞ்சதே இதுன்னா ஜூலை எப்படி இருக்கும்னு யோசிக்கவே பயமா இருக்கு). நானும் ஒரு லென்ஸ் வாங்கி பாக்க ஆரம்பிச்சேன், முதல்ல பாத்த கருப்பு புள்ளியையே "அக்கா இது என்ன காளான்"ன்னு கேட்டா, "மொதல்ல வீட்டுக்காரர் யாருன்னு சொல்லு, அப்புறம் குடியிருக்கிறவர் யாருன்னு பாக்கலாம்"னாங்க.

இதுதான் விஷயமே. இந்தக் காளான்கள்ல பெரும்பாலானது ஒரே ஒரு லைக்கன் ஜீனஸ் (நெருங்கின இனங்களோட கூட்டம்) மேலதான் வரும், சிலது ஒரே ஒரு இனத்து மேல மட்டும். அடையாளம் காணறதுக்கு எழுதி வச்சிருக்கிற கீ எல்லாம் ஆரம்பிக்கறதே எந்த லைக்கன் மேல இருந்துச்சுங்கற கேள்விலதான். அதனால இவங்க எல்லாரும் முதல்ல லைக்கன் ஆட்கள், அப்புறம்தான் காளான் ஆட்கள். அதுலயும் லைக்கனுக்கே சொந்தமா கருப்பு புள்ளி இருக்கும். தரையில பழுப்பா கொத்து கொத்தா கிடக்குமே, செட்ராரியா இஸ்லாண்டிகா, அதோட ஓரம் பூரா சின்னச் சின்ன முள்ளா இருக்கும், அந்த முள்ளு நுனில இருக்கிற கருப்பு அதோட சொந்த உறுப்பு. அகல அகலமா பச்சையா விரியுற பெல்டிஜெரா ஆஃப்தோசா மேல கருப்பு மரு மருவா இருக்கும், அதுவும் நோய் கிடையாது, உள்ள நீலப்பச்சை பாக்டீரியாவை அடைச்சு வச்சு காத்துல உள்ள நைட்ரஜனைப் பிடிக்கிற அறை அது. இப்படி சொந்தமானதை எல்லாம் கழிச்ச பிறகு இடத்துக்குப் பொருந்தாம ஒரு புள்ளி மிச்சம் இருக்கும் பாருங்க, அதுதான் சமாச்சாரம்.

வெறுங்கண்ணுலயே தெரியறதும் உண்டு. காத்து பலமா அடிக்கிற முகட்டுல தாம்னோலியா வெர்மிகுலாரிஸ்னு ஒரு லைக்கன், வெள்ளை வெளேர்னு உள்ள வெத்தா இருக்கிற குழாய், ஒரு பக்கம் கூர்மையா, தரையில எதையும் இறுக்கிப் பிடிக்காம சும்மா கிடக்கும். அதுல ஒரு குழாய் மட்டும் நடுவுல உப்பி, உப்பின இடம் மட்டும் செம்பழுப்பா இருந்துச்சு. அக்கா பாத்த உடனே தாம்னோகல்லா க்ரோம்பியைன்னாங்க. வீக்கத்துக்குள்ள காளானோட குடுவை மாதிரி உறுப்பு புதைஞ்சிருக்கும், வாய் மட்டும் வெளிய புள்ளியா தெரியும். தாம்னோலியா மேல வர்றது கொஞ்சம் இனங்கள்தான், அதுல இப்படி வீங்க வைக்கிறது இதுன்னு பளிச்சுனு தெரியும், அதனால இது சுலபம். அன்னைக்கு சுலபமா முடிஞ்சது இது ஒண்ணுதான்.

பனி ரொம்ப நாள் கிடக்கிற பள்ளத்துல சோலோரினா க்ரோசியா. மேல மந்தமான பழுப்பு பச்சை, திருப்பிப் பாத்தா அடியில ஆரஞ்சுன்னா அப்படி ஒரு ஆரஞ்சு, பெயின்ட் அடிச்ச மாதிரி. ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வச்சா ஊதாவா மாறும், மலையிலயே அக்கா வச்சுக் காட்டினாங்க. இந்த மாதிரி கெமிக்கல் சொட்டு விட்டு லைக்கனைக் கண்டுபிடிக்கிற வழியை 1860கள்ல பரப்பினது ஃபின்லாந்துக்காரர் வில்லியம் நைலாண்டர், இன்னைக்கும் ஒவ்வொரு லைக்கன் ஆள் பையிலயும் அந்த குட்டி பாட்டில் இருக்கும். சோலோரினா மேல கருப்பா கும்பலா உக்காந்திருந்தது ராகடோஸ்டோமா லைக்கனிகோலா, அது சோலோரினா மேலதான் வரும்.

எல்லாத்தையும் பேப்பர்ல மடிச்சு, மேல இடம், உயரம், தேதி, எந்த லைக்கன், கல்லா மண்ணா எல்லாம் எழுதணும். பிளாஸ்டிக் கவர் கூடவே கூடாது, ஈரம் அடைச்சுக்கிட்டா சாதாரண பூஞ்சை பூத்துடும், அப்புறம் எது எதுன்னு பிரிக்கவே முடியாது.

உண்மையான வேலை ரூமுக்கு வந்த பிறகுதான். மஞ்சளா மேப் வரைஞ்ச மாதிரி பாறையெல்லாம் படர்ந்திருக்குமே ரைசோகார்ப்பான் ஜியோகிராஃபிக்கம், வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது, அதோட அளவை வச்சு பனிப்பாறை எப்போ விலகுச்சுன்னு கணக்கு போடுவாங்களே அதேதான், அது மேல கருப்பு புள்ளி இருக்கிற துண்டு ஒண்ணு, பக்கத்துப் பாறைல இருந்த வேற ஒரு லைக்கன் துண்டு ஒண்ணு. லென்ஸ்ல ரெண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி, கால் மில்லிமீட்டருக்கும் சின்னதா பாதி புதைஞ்ச கருப்பு உருண்டை. அக்கா ஷேவிங் பிளேடை உடைச்சு ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்புக்கு அடியில அந்த உருண்டையை சீவினாங்க, கை நடுங்கவே இல்ல, சீவின துணுக்கை தண்ணில போட்டு கவர் கிளாஸ் வச்சு பென்சில் பின்பக்கத்தால லேசா ஒரு அமுக்கு. ஆயில் விட்டு ஆயிரம் மடங்குல என்னைப் பாக்கச் சொன்னாங்க. முதல் துண்டுல நீளப் பைகள், ஒவ்வொரு பைக்குள்ளயும் பழுப்பு ஸ்போர் (காளானுக்கு விதை மாதிரி), நடுவுல ஒரு தடுப்பு, எண்ணிப் பாத்தா எட்டுக்கு மேல போகல. ரெண்டாவது துண்டுல அதே பழுப்பு, அதே ஒத்தைத் தடுப்பு, ஆனா ஒவ்வொரு ஸ்போரும் 10 மைக்ரானுக்குள்ள, ஒரு பைக்குள்ள எண்ண முடியாத அளவுக்கு திணிச்சு கிடக்கு. முதல்து எண்டோகோக்கஸ், அடுத்தது முல்லெரெல்லா. வெளிய ஒண்ணுன்னு தெரிஞ்சது உள்ள ரெண்டு வேற வேற ஜீனஸ். நான் கொஞ்ச நேரம் அந்த நாற்காலிய விட்டே எந்திரிக்கல.

அப்புறம் அளவெடுக்கிறது. ஒரு ஸ்போரை அளந்தா பத்தாது, முத்தின ஸ்போரா பொறுக்கி நிறைய அளக்கணும், தண்ணிலயா பொட்டாசியம் ஹைட்ராக்சைடுலயான்னு எழுதணும், ஏன்னா அதுல ஊறினா அளவு மாறலாம். அயோடின் விட்டு எது நீலமாகுதுன்னு பாக்கணும். அக்கா அளந்து சொல்லச் சொல்ல நான் நோட்டுல எழுதினேன், வெளிய ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் முழுசா போகல.

சாப்பிடறப்போ பழைய கதை எல்லாம் வந்துச்சு. ரொம்ப காலத்துக்கு இந்தக் காளான்களை லைக்கனோட சொந்த உறுப்புன்னோ, இல்ல குட்டி லைக்கன்னோ நினைச்சு பேர் வச்சிருக்காங்க. லைக்கன் அறிவியலோட தந்தைன்னு சொல்ற எரிக் அக்காரியஸ், உயிரினங்களுக்கு பேர் வைக்கிற முறையைக் கொண்டு வந்த லின்னேயஸோட கடைசி மாணவர், ஸ்வீடன்ல வாட்ஸ்டேனாங்கற ஊர்ல டாக்டரா இருந்தவர், அவர் காலத்துல லைக்கன்னா ரெண்டு உயிர் சேர்ந்ததுங்கறதே யாருக்கும் தெரியாது, அப்போ மூணாவது ஆளை எப்படி பிரிக்கிறது. 1857ல ஸ்காட்லாந்துல லாடர் லிண்ட்சேன்னு ஒரு மனநல மருத்துவமனை டாக்டர் அப்ரோதாலஸ்ங்கற ஒரே ஒரு ஜீனஸுக்கு தனி ஆய்வே எழுதியிருக்கார். அதுக்கப்புறம் 1860கள் கடைசில ஷ்வெண்டெனர்னு ஒரு தாவரவியல்காரர் வந்து லைக்கன்னா காளான் கூட பாசின்னு சொன்னப்போ நைலாண்டர் சாகற வரைக்கும் ஒத்துக்கவே இல்ல. அக்காரியஸ் சேகரிச்சது, நைலாண்டர் சேகரிச்சது ரெண்டுமே இப்போ ஹெல்சின்கி மியூசியத்துலதான் இருக்கு, அதுல இன்னைக்கும் போய் லென்ஸ் வச்சுப் பாத்தா அவங்க கவனிக்காம விட்ட காளான் கிடைக்கும்னாங்க அக்கா. எனக்கு மலையைவிட அந்த அலமாரிதான் இப்போ பாக்கணும் போல இருக்கு.

வடக்குக்குன்னு தனியா உழைச்சவங்களும் இருக்காங்க. ஸ்வீடன்ல ரோல்ஃப் சாண்டெசன் ஸ்வீடன், நார்வே ரெண்டுக்கும் சேர்த்து 1993ல பட்டியல் போட்டார். கிரீன்லாந்துக்கு 1990ல ஆல்ஸ்ட்ரூப்பும் ஹாக்ஸ்வொர்த்தும். ரஷ்ய ஆர்க்டிக்கை பீட்டர்ஸ்பர்க்ல இருந்து மிகயில் ஜூர்பென்கோ பல வருஷமா அலசி புது இனம் புது இனமா எழுதியிருக்கார்.

வகைப்படுத்தறதுதான் இன்னும் சிக்கல். இந்தக் காளான்கள் ஒரே குடும்பம் கிடையாது, லைக்கன் மேல வாழ்ற பழக்கம் தனித்தனியா பல கிளைல பல தடவை வந்திருக்கு. பெரும்பாலும் பைக்குள்ள ஸ்போர் வைக்கிற அஸ்கோமைசீட்ஸ், கொஞ்சம் ட்ரெமெல்லாங்கற ஜெல்லி மாதிரி காளானோட சொந்தக்காரங்க. சரி டிஎன்ஏ எடுத்துப் பாத்துட வேண்டியதுதானேன்னு நானும் கேட்டேன், அக்கா சிரிச்சாங்க, "லைக்கனும் காளான், அது மேல இருக்கிறதும் காளான்டா, கால் மில்லிமீட்டர் புள்ளியைச் சுரண்டி மெஷின்ல போட்டா வீட்டுக்காரரோட டிஎன்ஏதான் குப்புனு வரும்." இது போக ஒரே காளானுக்கு பாலின நிலைக்கு ஒரு பேர், பாலினமில்லா நிலைக்கு ஒரு பேர்னு ரெண்டு பேர் இருந்துச்சு, அப்ரோதாலஸோட இன்னொரு ரூபத்துக்கு வூவோக்ஸியோமைசெஸ்னு பேர். 2011ல மெல்போர்ன்ல நடந்த தாவரவியல் மாநாட்டுல ஒரு காளானுக்கு ஒரு பேர்தான்னு முடிவு பண்ணினதுக்கு அப்புறம் அதை எல்லாம் ஒண்ணு ஒண்ணா சேர்த்துக்கிட்டு வர்றாங்க.

பட்டியலுக்கே அடங்காத ஆளும் உண்டு. ஆர்த்ரோராஃபிஸ் சிட்ரினெல்லான்னு மண்ணுல பளீர்னு எலுமிச்சை மஞ்சளா இருக்கும், அது சின்ன வயசுல பேயோமைசெஸ்ங்கற லைக்கன் மேல ஒட்டுண்ணியா ஆரம்பிச்சு, அப்புறம் தானே பாசியோட சேர்ந்து தனி லைக்கனா ஆயிடும். அதே மாதிரி 2016ல டோபி ஸ்ப்ரிபில் குழு சில லைக்கனோட தோலுக்குள்ளயே ஈஸ்ட் இருக்குன்னு கண்டுபிடிச்சப்போ, லைக்கன்னா மூணு பேரான்னு பெரிய பேச்சு ஆச்சு. பிற்பாடு வேற ஆட்கள் நிறைய லைக்கன்ல தேடிப் பாத்தப்போ பெரும்பாலானதுல அது இல்ல. அந்த ஈஸ்டோட வகையறால ஒண்ணு, சைஃபோபசிடியம், ஹைப்போஜிம்னியாங்கற லைக்கன் மேல கட்டி போடுற காளானா ஏற்கனவே லிஸ்ட்ல இருந்ததுதான். பங்காளியா ஒட்டுண்ணியான்னு அக்காகிட்ட கேட்டா தோளைக் குலுக்கிட்டு அடுத்த பாக்கெட்டைப் பிரிச்சாங்க.

அந்த பாக்கெட் இன்னும் முடியல. பெல்டிஜெரா மேல வெளிறிப்போன வட்டம், நடுவுல புள்ளிகள், சீவிப் பாத்தா பை இருக்கு, ஸ்போர் இன்னும் முத்தல. முத்தாம பேர் வைக்க முடியாது. மேல பென்சில்ல "பெல்டிஜெரா மேல, முத்தாதது"ன்னு எழுதி மத்த பாக்கெட்டோட சேர்த்து ஃப்ரீசர்ல வச்சாச்சு, பூச்சி கீச்சி இருந்தா சாகறதுக்கு.

போறவங்களுக்கு ரெண்டு விஷயம். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல் பாதி போங்க, பியர்ச் மஞ்சளாகும், கூட்டம் கம்மி, ராத்திரி இருட்ட ஆரம்பிச்சிருக்கும்ங்கறதால அரோராவுக்கும் சான்ஸ் இருக்கு. பத்து மடங்கு லென்ஸ் ஒண்ணு வாங்கிக்கங்க, மேல கட்டாயம் காத்து புகாத ஜாக்கெட், முட்டி போட்டு உக்கார ஒரு சின்ன ரப்பர் ஷீட். பூங்காவுக்குள்ள எதையும் பிய்க்காதீங்க, படம் எடுத்துக்கங்க, படம் எடுக்கும்போது புள்ளியை மட்டும் எடுக்காம லைக்கனையும் முழுசா எடுங்க, இல்லன்னா அந்தப் படத்தை வச்சு யாராலயும் ஒண்ணும் சொல்ல முடியாது.