கூத்து யாருக்குச் சொந்தம்?

பென்னாகரம் பக்கத்து ஊர்களில் விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தை எந்தத் தொலைக்காட்சியும் முழுதாகக் காட்டி நான் பார்த்ததில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள்தான் காட்டுகிறார்கள். மூங்கில் கழியில் கைபேசியைக் கட்டி, கூத்தை அறிவித்துச் சிரிக்க வைக்கும் கட்டியக்காரன் பேச்சு முதல் கடைசிப் போர்க் காட்சியான படுகளத்தில் மண்ணில் கிடக்கும் துரியோதனன் உருவம் வரை ஒன்றுவிடாமல் யூடியூபில் பதிவேற்றுகிறார்கள். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன எங்கள் சனத்துக்கு அதுதான் திருவிழா.

போன மாதம் அப்படி ஏற்றிய ஒரு பதிவுக்குப் பதிப்புரிமைக் கோரிக்கை வந்தது. நடுவே ஆர்மோனியக்காரர் பழைய சினிமா மெட்டில் நான்கு அடி பாடிவிட்டாராம். அதற்காக ஓர் இசை நிறுவனம் அந்தப் பதிவின் மொத்த விளம்பர வருமானத்தையும் கேட்கிறது. முழுநீளப் பதிவுகளுக்கு யூடியூபில் விளம்பரப் பங்கு கிடைக்கவே 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அதை எவ்வளவு பாடுபட்டுச் சேர்த்தார்கள்! நாம் ஆட்சேபித்தால், உரிமை கோரியவர் பதில் சொல்ல 30 நாள் அவகாசம். முதலில் முடிவு சொல்வதும் அவரே.

ஆத்திரமாக வருகிறது. மெட்டுக்குரிய பங்கைக் கேளுங்கள், நியாயம். இரவு முழுக்க ஆடிய கூத்து எப்படி உங்களுடையதாகும்? ஆட்சேபக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பதிப்புரிமைச் சட்டம் அறிந்த நண்பர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள்.