'செர்ரித் தோட்டம்': தலைப்பையும் அரசியலையும் ஒரே விடைக்குள் எழுதுவது

அந்தோன் செகாவின் 'செர்ரித் தோட்டம்' நாடகம் பாடத்தில் இருந்தால், தலைப்பின் குறியீட்டுப் பொருளையும் நாடகத்தின் அரசியல் பின்னணியையும் சேர்த்து விளக்கச் சொல்லும் கட்டுரை வினாவை எதிர்பார்த்தே தேர்வுக்குச் செல்ல வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டே முதுகலை ஆங்கில இலக்கியம் படித்த எனக்குக் கிடைத்த நேரம் குறைவு. இந்த ஒரு வினாவுக்கு நான் எவ்வாறு படித்தேன் என்பதை, இவ்வாண்டு தேர்வு எழுதவிருக்கும் மாணவர்களுக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

வழிகாட்டி நூல்கள் பெரும்பாலும் இந்த வினாவை இரண்டாகப் பிரித்துவிடுகின்றன. முதல் பாதியில் ரஷ்ய வரலாறு வரும்; அடுத்த பாதியில் தோட்டம் பழமையைக் குறிக்கிறது, அழகைக் குறிக்கிறது, குழந்தைப் பருவத்தைக் குறிக்கிறது என்று ஒரு பட்டியல் வரும். அப்படி எழுதினால் தோட்டத்துக்கும் அரசியலுக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி விடையிலேயே இடம்பெறாமல் போகிறது. நான் நாடகத்தை முதலிலிருந்து படித்து, தோட்டத்தைப் பற்றி யாராவது பேசும் இடங்களையெல்லாம் குறித்துக்கொண்டு, பேசுபவர் எந்தக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதையும் ஓரத்தில் எழுதி வைத்தேன். அந்த மரங்களுக்கு உழைத்தவர் யார், பலனை அனுபவித்தவர் யார் என்ற கேள்வி அங்கிருந்துதான் எனக்கு எழுந்தது. விடை முழுவதையும் அந்தக் கேள்வியின் மேலேயே கட்டினேன்.

முதலில் கவனிக்க வேண்டியவர் எண்பத்தேழு வயது வேலைக்காரர் ஃபிர்ஸ். நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு செர்ரிப் பழங்களை உலர்த்தி, ஊறவைத்து, வண்டி வண்டியாக மாஸ்கோவுக்கும் கார்கோவுக்கும் அனுப்பினார்கள் என்றும், பணம் கொட்டியது என்றும், அந்தப் பக்குவம் இப்போது யாருக்கும் நினைவில்லை என்றும் முதல் அங்கத்தில் அவர் சொல்கிறார். நாடகம் முதன்முதலாக மாஸ்கோ கலை அரங்கில் நடிக்கப்பட்ட ஆண்டு 1904. அதிலிருந்து நாற்பது ஐம்பது ஆண்டுகளைக் கழித்துப் பாருங்கள்: உழவர்களை நிலக்கிழார்கள் தம் உடைமையாக வைத்திருந்த பண்ணையடிமை முறையை ஜார் மன்னர் இரண்டாம் அலெக்சாண்டர் ஒழித்த 1861-ஐ ஒட்டிய, பெரும்பாலும் அதற்கு முந்தைய காலம் வரும். அந்தத் தோட்டம் வருமானம் தந்தது கூலியில்லாத உழைப்பு இருந்தபோது. அந்த உழைப்பு போனதும், பண்ணையடிமைக் குடும்பத்தில் பிறந்து வணிகனான லோபாகின் சொல்வதுபோல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை காய்த்து, காய்த்ததையும் வாங்க ஆளில்லாமல், அது வெறும் அழகாக மிஞ்சியது. கடனில் மூழ்கிய பண்ணையின் உரிமையாளர் ரனெவ்ஸ்காயாவும் அவள் சகோதரன் காயேவும் போற்றுகிற அந்த வெண்மையான அழகுக்கு அடியில் இந்தக் கணக்கு இருக்கிறது என்பதை ஒரு பத்தியில் தெளிவாக எழுதினால், வரலாற்றுப் பின்னணியைத் தனியாக எழுத வேண்டிய தேவையே இராது. பண்ணையடிமைகளுக்கு விடுதலை வந்த நிகழ்வை ஃபிர்ஸ் 'அந்தத் துன்பம்' என்று குறிப்பிடுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடிமை முறை அடிமையின் மனத்தை எந்த அளவுக்கு ஆட்கொண்டிருந்தது என்பதற்கு இதைவிட வலிமையான சான்று நாடகத்தில் இல்லை.

விடையின் நடுப்பகுதி லோபாகினுக்கு உரியது. தோட்டத்தை வெட்டி, நிலத்தைக் கோடைகால வீட்டு மனைகளாகப் பிரித்துக் குத்தகைக்கு விட்டால் கடன் தீரும் என்று அவன் தொடக்கத்திலேயே வழி சொல்கிறான். அதைக் கொச்சையான யோசனை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆகஸ்ட் 22-ஆம் நாள் ஏலத்தில், அடமானக் கடனுக்கு மேல் தொண்ணூறாயிரம் ரூபிள் கொடுத்து அவனே அதை வாங்குகிறான். தன் தந்தையும் பாட்டனும் அடிமைகளாக இருந்த, சமையலறைக்குள்கூட நுழைய அனுமதிக்கப்படாத பண்ணையைத் தானே வாங்கிவிட்டதாக அவன் மூன்றாம் அங்கத்தில் பேசுவதை மூல வரிகளோடு மனப்பாடம் செய்வது நல்லது. அவனைப் பேராசை பிடித்த வணிகனாக மட்டும் எழுதுவது நாடகத்துக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன். செகாவின் பாட்டனாரே 1841-இல் பணம் கொடுத்துத் தம் குடும்பத்தை மீட்ட பண்ணையடிமை. லோபாகினின் பாத்திரத்தைத் துள்ளல் இல்லாமல், கண்ணியமான மனிதனாக நடிக்க வேண்டும் என்பது செகாவின் விருப்பமாகவும் இருந்தது.

மூன்றாவது, மாணவன் த்ரோஃபிமோவ். ரஷ்யா முழுவதும் நம் தோட்டம் என்று அவன் ரனெவ்ஸ்காயாவின் மகள் ஆன்யாவிடம் சொல்லும் வரி எல்லா வழிகாட்டி நூல்களிலும் உண்டு. ஆனால் அதைத் தொடர்ந்து, உன் முன்னோர் உயிருள்ள மனிதர்களை உடைமையாக வைத்திருந்தவர்கள், ஒவ்வொரு இலையிலிருந்தும் அடிமரத்திலிருந்தும் அம்மனிதர்கள் உன்னைப் பார்க்கவில்லையா என்று அவன் கேட்பதுதான் தலைப்பின் பொருளை வெளிப்படையாகத் திறக்கும் இடம். உயிர்களை உடைமையாக வைத்திருந்தது உங்கள் எல்லோரையும் மாற்றிவிட்டது என்ற பகுதியையும், தொழிலாளர்களின் அவல வாழ்வைச் சொல்லும் பகுதியையும் ஜார் ஆட்சியின் தணிக்கை அன்று நீக்கச் செய்தது. அரசு எந்த வரிகளுக்கு அஞ்சியது என்பதே அரசியல் பின்னணியைக் காட்டிவிடுகிறது. இதை நான் விடையில் தவறாமல் எழுதினேன். த்ரோஃபிமோவ் இருமுறை பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றப்பட்டவன் என்று நாடகம் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை. அதை எப்படி மேடையில் காட்டுவது என்று செகாவ் தம் மனைவி ஓல்கா க்னிப்பருக்கு 1903-இல் எழுதிய கடிதத்தில் கவலைப்பட்டிருக்கிறார்.

ரனெவ்ஸ்காயாவுக்கு ஒரு சிறு பத்தி போதும். பூத்துச் சாய்ந்த மரத்தில் அவள் இறந்துபோன தாயைக் காண்கிறாள். அந்தத் துயரம் உண்மையானது, அதைக் கேலியாக எழுத வேண்டாம்.

1917 புரட்சியை இந்நாடகம் முன்கூட்டியே சொல்லிவிட்டது என்ற வாக்கியத்தைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். செகாவ் 1904 ஜூலையில் இறந்துவிட்டார். 1905-இன் கிளர்ச்சியைக்கூட அவர் பார்க்கவில்லை. நாடகம் காட்டுவது நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் முடிவுக்கு வராத ஒரு விடுதலையின் விளைவுகளை. அதேபோல், முதல் மேடையேற்றத்தின் இயக்குநர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி இதைத் துன்பியலாக மேடையேற்றியதும், செகாவ் இதை நகைச்சுவை நாடகம் என்றே வலியுறுத்தியதும் தலைப்போடு தொடர்புடையவை: தோட்டம் அழிவதற்காக அழுவதா என்ற கேள்விக்கு, அது யாருடைய தோட்டம் என்பதைப் பொறுத்தே பதில் மாறுகிறது.

எழுதும்போது ஃபிர்ஸில் தொடங்கி, லோபாகினுக்கு அதிக இடம் கொடுத்து, த்ரோஃபிமோவில் முடித்தேன். நாடகத்தின் முடிவில் கேட்கும் கோடரிச் சத்தத்தையும் அறுந்த கம்பியின் ஒலியையும் நேரம் இருந்தால் மட்டும் இரண்டு வரிகளில் சேர்க்கலாம். அவற்றுக்குப் பொருள் சொல்லப் புகுந்து பக்கங்களைச் செலவிட்டால் லோபாகினின் உரைக்கு இடம் இல்லாமல் போய்விடும்.