நீலச் செதில் கிண்ணம்: பாதி வேலை முடிந்தது

இங்கிலாந்தின் வூஸ்டர் பீங்கான் பட்டறை 1760களிலும் 70களிலும் செய்த நீலச் செதில் தேநீர்ப் பாத்திரங்களைப் பார்த்துவிட்டு, அதே முறையில் ஒரு கிண்ணமாவது வரைய வேண்டும் என்று ஆரம்பித்த வேலை. அடுக்கடுக்கான செதில்களால் ஆன நீலத் தளம், நடுவே வெள்ளையாக விட்ட கட்டங்கள், அவற்றுக்குள் பூக்கள் அல்லது கற்பனைப் பறவைகள், சுற்றிலும் தங்கம். இந்தச் செதில் யோசனை ஜெர்மனியின் மைசென் பீங்கானில் இருந்து வந்தது. ஆனாலும் என் ஓட்டு வூஸ்டருக்குத்தான்.

மண்ணை மட்டும் அப்படியே செய்ய முடியவில்லை. வூஸ்டரில் கார்ன்வால் பகுதியின் மாக்கல் தூளைச் சேர்த்தார்கள். ஆமாம், கல்சட்டி செய்கிறோமே, அதே இனத்துக் கல்தான். கொதிநீர் ஊற்றினால் அக்காலத்து ஆங்கிலத் தேநீர்ப் பாத்திரங்கள் பல விரிசல் விட, வூஸ்டர் தாங்கியதற்கு இதுதான் காரணம். நான் எடுத்தது கடையில் கிடைக்கும் பீங்கான் மண். சுடும் முறையும் தலைகீழ்: அவர்கள் வெறும் பாத்திரத்தை அதிக வெப்பத்திலும், கிளேஸை (மேலே பூசும் கண்ணாடி போன்ற பூச்சை) குறைந்த வெப்பத்திலும் சுட்டார்கள், என் மண்ணுக்கு முதல் சூடு குறைவு, கிளேஸ் சூடு அதிகம்.

நீலத்துக்கு கோபால்ட் ஆக்சைடு. இன்றைய கோபால்ட் சுத்தமானது என்பதால் நீலம் கண்ணைக் குத்துகிறது. அன்றைய கோபால்ட்டில் கலப்பு இருந்தது. ஒரு சிட்டிகை இரும்பு ஆக்சைடு சேர்த்ததும் நிறம் அடங்கி, பழைய பீங்கானுக்குப் பக்கத்தில் வந்தது.

வெள்ளையாக நிற்க வேண்டிய கட்டங்களில் திரவ ரப்பரைத் தடவி, மேலே மெல்லிய நீலப் பூச்சு. அது காய்ந்ததும் இன்னும் அடர்த்தியான நீலத்தில் ஒவ்வொரு செதிலாக, ஓரத்தில் மட்டும் வெளிர் நீலம் எட்டிப் பார்க்கும்படி வரைய வேண்டும். ஒருமுறை சுட்ட மண் தண்ணீரை உடனே உறிஞ்சிவிடும். தூரிகை வைத்த இடம் வைத்ததுதான். கலவையில் கொஞ்சம் கோந்து சேர்த்தால் தூரிகை நகர அவகாசம் கிடைக்கிறது. கிண்ணம் அடியை நோக்கிக் குறுகுவதால் செதிலையும் வரிசைக்கு வரிசை சிறிதாக்கிக்கொண்டே போக வேண்டும். இதில்தான் கை பழகுகிறது, கழுத்தும் வலிக்கிறது. சூளைக்குள் போகும்போது எல்லாம் கறுப்பாக இருக்கும். நீலம் வெளியே வரும்போதுதான் தெரியும்.

மாதிரி ஓடுகளில் தெரிந்தது இது: நீலம் கெட்டியானால் கிளேஸில் பரவி இடைவெளியை மூடி, செதிலே காணாமல் போகிறது. நீர்த்த கலவையில் ஒவ்வொன்றும் தனித்து நின்றது. கிண்ணத்துக்கு அதையே பயன்படுத்தினேன். விளைவு எனக்குத் திருப்தி.

அடியில் வூஸ்டரின் சதுர முத்திரையைப் போடவில்லை. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸின் சாம்சன் பட்டறை இதே வகையை முத்திரையோடு நகலெடுத்தது. இன்றும் வாங்குபவர்களைக் குழப்புகிறது. என் முதலெழுத்தே போதும்.

அப்புறம் பறவை. அது கிளேஸுக்கு மேல் எனாமலில் (குறைந்த சூட்டில் உருகி ஒட்டும் கண்ணாடி வண்ணத்தில்), ஏறத்தாழ 780 டிகிரி செல்சியஸில். தங்கம் அதற்கும் பிறகு, இன்னும் குறைந்த சூட்டில். கடையில் விற்கும் திரவத் தங்கம் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும். எனக்கு அது வேண்டாம். அன்று தங்கத்தாளைத் தேனில் அரைத்துப் பூசி, சுட்ட பிறகு மெருகேற்றினார்கள். தங்கத்தாளும் தேனும் தயார். மெருகேற்ற வழவழப்பான அகேட் கல் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.