கோலி மலைக்குப் போன கதை: காடு இலவசம், பஸ்தான் இல்லை

பின்லாந்தில் காடு இலவசம். ஏரியில் குளிக்கலாம், காளானும் பெர்ரியும் பறிக்கலாம், யாருடைய நிலமானாலும் வீடுகளை விட்டுத் தள்ளி ஓரிரு ராத்திரி கூடாரம் அடிக்கலாம். அங்கே அது எல்லோருக்கும் உள்ள உரிமை. இதை நம்பித்தான் அங்குள்ள கோலி மலைக்குச் சிக்கனமாகப் போய் வரலாம் என்று கிளம்பினேன். காட்டுக்குள் நுழைந்த பிறகு பெரிய செலவில்லை, உண்மைதான். காட்டு வாசலுக்குப் போய்ச் சேருவதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிட்டது.

முதல் தலைவலி விசா மையத்தில். 90 யூரோ கட்டணம், 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் சரியாக இருந்தன. தங்குமிடம் என்ற கட்டத்தில் சில இரவுகளுக்குக் கூடாரம் என்று எழுதியிருந்தேன். கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஹோட்டல் புக்கிங் எங்க சார்?"

"காட்டுல தங்குறேன். அதுக்கு புக்கிங் கிடையாது."

"அப்போ அந்த நாள்ல எங்க தங்குறீங்க?"

அந்த உரிமையைப் பற்றிய அரசு விளக்கத்தை அச்செடுத்துப் போயிருந்தேன். அதை அவர் தொடக்கூட இல்லை. அரை நாள் லீவு வீண். காசு கட்டித் தங்கும் முகாம்கள் அங்கே நிறைய உண்டு. அவற்றில் இடம் பிடித்து, பெயரும் தேதியும் போட்டு வந்த மின்னஞ்சலை நீட்டிய பிறகு, மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொண்டார். கூடாரத்தோடு போகிறவர்கள் இதை முதலிலேயே செய்துவிடுங்கள்.

ஹெல்சின்கியில் ஒரு குறையும் இல்லை. சுவோமென்லின்னா கோட்டைத் தீவுக்கு நகர டிராம் டிக்கெட்டிலேயே படகில் போகலாம். மத்தியானச் சாப்பாட்டை வார நாட்களில் வைத்துக்கொள்ளுங்கள். ரொட்டி, சாலட், காபி எல்லாம் அடக்கமாக பஃபே போடுகிறார்கள். அங்கிருந்து கோலிக்குப் போகும் வழியில் உள்ள யோயென்சூ நகருக்கு ரயில், நாலரை மணி நேரம். முன்கூட்டியே வாங்கியதால் டிக்கெட்டும் மலிவு.

அப்புறம்தான் சோதனை. யோயென்சூவிலிருந்து கோலி சுமார் 70 கிலோமீட்டர். அந்தப் பக்கம் மத்தியானம் ஒரு பஸ் இருப்பதாக இணையத்தில் போட்டிருந்தது. நிறுத்தத்தில் மூட்டை முடிச்சோடு நான் ஒருவன்தான். நேரம் தாண்டியும் பஸ்ஸைக் காணோம். கம்பத்தில் ஒட்டியிருந்த அட்டவணையைக் கிட்டப் போய்ப் பார்த்தால், அந்த நேரத்துக்குப் பக்கத்தில் எறும்பு மாதிரி ஒரு குறி. அடியில் பின்னிஷ் மொழியில் விளக்கம். போனைக் காட்டி மொழிபெயர்த்தேன்: பள்ளி நடக்கும் நாட்களில் மட்டும். பள்ளிக்கூடங்களை ஜூன் தொடக்கத்திலேயே மூடியாகிவிட்டது. அங்கே கிராமத்துப் பஸ்கள் பலவும் மாணவர்களை நம்பித்தான் ஓடுகின்றன. நாம் ஊர் சுற்றப் போகும் கோடையில் பார்த்து நின்றுவிடும்.

பஸ் நிலையக் கவுன்டரில் போய்க் கேட்டேன். "இணையத்தில் பஸ் இருக்கிறதே?" "ஆமாம், இருக்கிறது." "ஆனால் வரவில்லையே?" "கோடையில் வராது." அவ்வளவுதான். வேறு வழி உண்டா என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினார். தனி டாக்ஸி என்றால் 100 யூரோவைத் தாண்டும். கோலிக்குப் பலர் சேர்ந்து போகும் டாக்ஸி ஒன்று உண்டு, முன்கூட்டியே சொல்லிவைத்தால் போதும் என்பதை விடுதியில் பக்கத்துக் கட்டில்காரர்தான் சொன்னார். கவுன்டரில் இருந்தவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?

இதில் யுஹான்னுஸ் வேறு. கோடை நடுவில் வரும் பண்டிகை அது. ஜூன் 20க்கும் 26க்கும் இடையிலான சனிக்கிழமை. ஊரே ஏரிக்கரைக் குடில்களுக்குப் போய்விடுகிறது. முதல் நாள் வெள்ளிக்கிழமையே கடைகளைச் சீக்கிரம் சாத்துகிறார்கள், ரயிலும் பஸ்ஸும் குறைந்துவிடும். அடுப்புக்கு கேஸ் டப்பாவை விமானத்தில் கொண்டுபோக முடியாது, அங்கேதான் வாங்க வேண்டும். கடைக்காரப் பெண் சாவியைக் கையில் எடுத்துவிட்ட நேரத்தில் உள்ளே நுழைந்து, ஒரு டப்பாவைப் பிடுங்காத குறையாக வாங்கி வந்தேன். அந்தப் பயணத்தில் அவ்வளவு சந்தோஷம் வேறெதிலும் இல்லை.

கோலியின் உச்சி 347 மீட்டர்தான், நம் ஊர்க் கணக்கில் குன்று. ஆனால் மேலே வெள்ளைப் பாறையில் நின்றால் பியெலினென் ஏரியும் அதன் தீவுகளும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. பட்ட பாடெல்லாம் தகும். ஒரு எச்சரிக்கை: தேசியப் பூங்காவுக்குள் நினைத்த இடத்தில் கூடாரம் போட முடியாது, குறித்துவைத்த இடங்களில் மட்டும்தான். காட்டுத்தீ எச்சரிக்கை அமலில் இருந்தால் திறந்தவெளியில் தீ மூட்டவும் கூடாது. நான் போன சமயம் இருந்தது, அதனால் அந்த கேஸ் டப்பா காப்பாற்றியது. பெர்ரிக்கு ஆசைப்பட்டு ஜூனில் போகாதீர்கள். ஜூலை பாதிக்கு மேல்தான் பழுக்கும். கொசு மட்டும் ஜூனிலேயே தயார்.

திரும்பும் டாக்ஸிக்கு முன்கூட்டியே போன் போட்டு, மறுபடியும் ஒருமுறை உறுதி செய்துகொண்டேன். பண்டிகை முடிந்த ஏரிக்கரையில் காலி பீர் கேன்கள் கிடந்தன. கேனுக்கு 15 சென்ட், பெரிய பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 40 சென்ட் திரும்பக் கிடைக்கும். ஒரு பை நிறையப் பொறுக்கிப் போய் சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் ஒவ்வொன்றாகப் போட்டேன். கடைசியில் வந்த சீட்டுக்கு ஒரு காபியும், உள்ளே அரிசிக் கஞ்சி வைத்துச் சுட்ட கரேலியப் பலகாரம் ஒன்றும் வாங்க முடிந்தது. நசுங்கிய கேனை இயந்திரம் துப்பிவிடும். இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று மிதித்துவிடாதீர்கள்.