வாசனை போடாத சோப்பு

ஜூலை 26

மகளின் முழங்கை மடிப்பு மறுபடியும் சிவந்துவிட்டது. ராத்திரி தூக்கத்திலேயே சொறிகிறாள். வாசனை கலந்த எதுவும் வேண்டாம் என்று தோல் டாக்டர் சொன்ன பிறகு மூன்று சோப்பு மாற்றியாயிற்று. இந்த முறை நானே செய்கிறேன். பாரிமுனைக்குப் போய்க் காஸ்டிக் சோடா வாங்கி வந்தேன். அடைப்பு எடுக்க விற்கிற தூள் இதற்கு ஆகாது, அதில் வேறு ஏதேதோ கலந்திருக்கும்.

ஜூலை 27

ஆலிவ் எண்ணெய் 350 கிராம், தேங்காய் எண்ணெய் 100, விளக்கெண்ணெய் 50. காஸ்டிக் சோடா 67, தண்ணீர் 140. எல்லாமே தராசில் நிறுத்தது, டம்ளர் கணக்கு இதில் உதவாது. இவ்வளவு எண்ணெயும் முழுசாகச் சோப்பாக மாற சுமார் 72 கிராம் சோடா வேண்டும். ஐந்து கிராம் குறைத்ததால் கொஞ்சம் எண்ணெய் எண்ணெயாகவே நிற்கும், தோலுக்கு அதுதான் இதம். தேங்காய் எண்ணெய் நன்றாக நுரைக்கும், ஆனால் கூடிப்போனால் தோல் வறண்டு இழுக்கும்.

மகளைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பும்போது அத்தை, "ஒரு சிட்டிகை கஸ்தூரி மஞ்சள் போடேம்மா" என்றார். "இந்தத் தடவை வேண்டாம் அத்தை" என்றேன். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிய வேண்டுமானால் சேர்மானம் குறைவாக இருக்க வேண்டும்.

கண்ணாடி, கையுறை மாட்டிக்கொண்டு, பால்கனியில் எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டேன். சோடா மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது, பொங்கித் தெறிக்கும். அலுமினியத்தை அது அரித்துவிடும். அடுப்பே இல்லாமல் பாத்திரம் அப்படிச் சுட்டது! 40 டிகிரிக்கு ஆறியதும் எண்ணெயில் ஊற்றி, பிளெண்டரால் விட்டுவிட்டு அடித்தேன். முதலில் மோர் மாதிரி ஓடியது, அப்புறம் பஜ்ஜி மாவுப் பதம். கரண்டியிலிருந்து விழுந்த சொட்டு மூழ்காமல் கோலப்புள்ளி போல மேலேயே நின்றது. அத்தோடு நிறுத்தி, பட்டர் பேப்பர் விரித்த டப்பாவில் ஊற்றினேன்.

ஜூலை 29

எட்டுத் துண்டு. பாலாடை நிறம்.

ஆகஸ்ட் 15

நேற்று ராத்திரி மழை. துண்டுகள் மேல் முத்து முத்தாக வேர்வை. உள்ளே இருக்கும் கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுக்கிறது, கெட்டுப்போகவில்லை. துடைக்காமல் முறத்தில் இடைவெளி விட்டு அடுக்கி ஃபேன் போட்டேன். 88 கிராம் இருந்த துண்டு இப்போது 82. தண்ணீர் வற்ற வற்றத்தான் சோப்பு இறுகும், தோலுக்கும் சாதுவாகும். ஆறு வாரம் முடிகிறவரை தொட மாட்டேன்.

செப்டம்பர் 7

முதலில் என் கையில் போட்டுப் பார்த்தேன். இரண்டு நாள் பார்த்துவிட்டு மகளுக்கு.

செப்டம்பர் 9

முகர்ந்து பார்த்து, "அம்மா, இதுல வாசமே இல்ல" என்றாள். நுரை குறைவு, பால் மாதிரி வழுவழுப்பு. என்னதான் பதமாகச் செய்தாலும் சோப்பில் காரம் உண்டு, அதன் பிஎச், அதாவது காரத்தைக் காட்டும் எண், 9, 10 இருக்கும். தோலுக்கோ 5 சுமார்தான். அதனால் சட்டென்று குளிப்பாட்டி, ஒற்றித் துடைத்து, ஈரம் காய்வதற்குள் டாக்டர் கொடுத்த க்ரீமைத் தடவிவிட்டேன்.

மணி பதினொன்று. பக்கத்தில் படுத்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை சொறியவில்லை.