அழுகை நின்றுபோகும் வயது

சிறுவர் சிறுமியரைக் கதைசொல்லிகளாகக் கொண்ட நாவல்களின் கைப்பிரதிகளைப் படித்துச் செம்மைப்படுத்துவதே பதிப்பகத்தில் என் பணியின் பெரும்பகுதி. அவற்றில் கணிசமானவை ஒரே தடத்தில் செல்கின்றன. கள்ளமில்லாமல் விளையாடிக்கொண்டிருக்கும் ஒரு குழந்தையின் கண்முன், நிறத்தின் பெயராலோ சாதியின் பெயராலோ மதத்தின் பெயராலோ ஒரு கொடுமை நடக்கிறது. அன்றோடு அதன் குழந்தைப் பருவம் முடிந்துவிடுகிறது. இந்தக் கதையமைப்பைப் பற்றி எனக்குக் குறையில்லை. ஆனால், குழந்தைமை தொலையும் இடமாக அந்தப் பெரிய நிகழ்ச்சியையே எல்லோரும் காட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பாகுபாட்டைக் கண்டு பதறுகிற குழந்தை, பதறுகிற வரையில் குழந்தையாகத்தான் இருக்கிறது. அதைக் கண்டும் பதறாமல் இருக்கப் பழகிக்கொள்கிற நாளே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த நாள் பெரும்பாலும் சத்தமில்லாமல் வந்து போய்விடுவதால், எழுதுபவர்களும் அதைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' 1960இல் வெளிவந்து அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது. அந்த நாவலை நினைக்கும்போது பலருக்கும் நினைவுக்கு வருவது, குற்றம் சாட்டப்பட்ட கறுப்பினத்தவர் ஒருவருக்காக வழக்கறிஞர் அட்டிகஸ் ஃபிஞ்ச் நிகழ்த்தும் நீதிமன்ற வாதம். என்னை மீண்டும் மீண்டும் அழைப்பது அதே விசாரணையின் நடுவே வரும் ஒரு சிறு பகுதி. டாம் ராபின்சன் என்ற அந்தக் கறுப்பினத்தவரை அரசு வழக்கறிஞர் இளக்காரமாகக் குறுக்கு விசாரணை செய்யும் தொனியைத் தாங்க முடியாமல் டில் என்ற சிறுவன் அழத் தொடங்குகிறான். அவனை வெளியே அழைத்துச் செல்லும் ஸ்கவுட், என்ன இருந்தாலும் அவர் ஒரு கறுப்பர்தானே என்று அவனைச் சமாதானப்படுத்தப் பார்க்கிறாள். நாவலின் நாயகி அவள். நேர்மைக்கு உருவமாக வாழும் அட்டிகஸின் மகள். இன்னும் ஒன்பது வயதுகூட நிரம்பாதவள். அவள் வாயிலிருந்து அந்தச் சொற்கள் வெகு இயல்பாக வருகின்றன. அதற்கு விளக்கமோ கண்டனமோ எழுதாமல் ஆசிரியர் கடந்து செல்கிறார். வெளியே மரத்தடியில் இருக்கும் டால்ஃபஸ் ரேமண்ட் என்பவர், இன்னும் கொஞ்சம் வளர்ந்துவிட்டால் இந்தப் பையன் அழமாட்டான் என்ற பொருளில் பேசுகிறார். என் மேசைக்கு வரும் ஒவ்வொரு கைப்பிரதியையும் நான் இந்தப் பக்கங்களை மனத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு முதல் நாவலில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி தோழியின் வீட்டுக்குப் படம் வரையப் போகிறாள். அவள் கிளம்பும் நேரத்தில் தோழியின் தாய், முகத்தில் சிரிப்பு மாறாமல், வண்ணப் பென்சில்களைப் பெட்டியில் அடுக்கியபடியே ஒவ்வொன்றாக எண்ணுகிறார். அந்த வரி கச்சிதமாக இருந்தது. ஆனால் அதைத் தொடர்ந்து ஒரு முழுப் பக்கத்துக்குச் சிறுமி இரவெல்லாம் விழித்திருந்து, உலகம் மனிதரைப் பிரித்து வைத்திருப்பதைப் பற்றிச் சிந்திக்கிறாள். அந்தப் பக்கத்தை நீக்கிவிடலாம் என்று சொன்னேன்.

"அவளுக்கே புரியவில்லை என்றால் படிப்பவர்களுக்கு எப்படிப் புரியும்?" என்று எழுத்தாளர் கேட்டார்.

"படிப்பவர்களுக்கு அந்தச் சிரிப்பே போதும். அவளுக்கு இப்போது எவ்வளவு தெரியுமோ அவ்வளவு மட்டும் தெரியட்டும்" என்றேன்.

அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. பல நாள்கள் கழித்து வந்த திருத்தப் பிரதியில் அந்தப் பக்கம் இல்லை. அதற்குப் பதிலாக அடுத்த அத்தியாயத்தில் இரண்டே வரிகள் சேர்ந்திருந்தன. மறுமுறை விளையாடி முடித்ததும், யாரும் கேட்காமலேயே, அந்தச் சிறுமி பென்சில்களைத் தோழியின் தாய்க்கு முன்னால் வைத்துத் தானே எண்ணிக் காட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறாள். அந்த வரிகளைப் படித்துவிட்டு நான் வேறு எந்தக் குறிப்பும் எழுதவில்லை. தன்மீது விழுந்த சந்தேகத்தை நியாயமான ஒரு நடைமுறையாக அவள் ஏற்றுக்கொண்டுவிட்டாள். எந்த அழுகையும் அந்த நாவலில் அவ்வளவு வலிக்கவில்லை.

இந்த ஏற்பின் இன்னொரு முகம், பாகுபாடு மனச்சாட்சியின் குரலிலேயே பேசுவது. மார்க் ட்வைனின் ஹக்கிள்பெரி ஃபின், தப்பியோடிய அடிமையான ஜிம்மைக் காட்டிக்கொடுக்கும் கடிதத்தை எழுதி முடித்ததும் பாவம் கழுவப்பட்டதாக உணர்கிறான். பிறகு ஜிம்மின் அன்பை எண்ணிப் பார்த்து, நரகத்துக்குப் போனாலும் பரவாயில்லை என்று அதைக் கிழித்துப்போடுகிறான். தான் செய்தது நல்ல செயல் என்று அவனுக்குக் கடைசிவரை தெரியாது. அமெரிக்காவில் அடிமைமுறை 1865இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்குப் பிறகு வெளிவந்த நாவல் இது. வாசகர்களுக்குத் தெரிந்த நியாயத்தைச் சிறுவனுக்குத் தெரியாமல் வைத்திருப்பதில்தான் அதன் வலிமை இருக்கிறது.

ஸ்கவுட், ஹக் இருவருடையதும் பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தையின் கதைகள். பாகுபாடு யார்மீது விழுகிறதோ அந்தக் குழந்தையின் கதை வேறு. டாம் ராபின்சன் இறந்த செய்தியைச் சொல்ல அட்டிகஸ் அவர் வீட்டுக்குப் போகும்போது வாசலுக்கு ஒரு சின்னஞ்சிறுமி வருகிறாள். அட்டிகஸ் விரலை நீட்ட, அதைப் பற்றிக்கொண்டு படியிறங்குகிறாள். அவளுக்கு அதன்பிறகு என்ன ஆயிற்று என்று நாவல் சொல்வதில்லை. ஸ்கவுட் ஒரு பாடம் கற்பதற்கு டாமின் உயிர் விலையாகிறது என்று அந்த நூலின்மீது வைக்கப்படும் விமர்சனத்தை நான் முழுவதும் ஏற்கிறேன். என்னிடம் வரும் பிரதிகளிலும் பெரும்பாலானவை ஸ்கவுட்டின் பக்கமிருந்தே எழுதப்பட்டவை. எழுதுபவர்களிடம் நான் கேட்பது இதுதான்: வாசலுக்கு வந்த அந்தச் சிறுமி உங்கள் கதையில் எங்கே இருக்கிறாள்?

மில்ட்ரட் டி. டெய்லரின் 'ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை' (1976) அவள் பக்கமிருந்து பேசும் நாவல். 1933ஆம் ஆண்டு மிசிசிப்பி மாநிலத்துக் கறுப்பினப் பள்ளி ஒன்றில் முதல் வகுப்புச் சிறுவர்களுக்குப் பாடநூல்கள் தரப்படுகின்றன. அழுக்கென்றாலே பிடிக்காத ஆறு வயது லிட்டில் மேன், கிழிந்து நைந்த தன் புத்தகத்தைத் திறக்கிறான். உள்ளட்டையில் ஓர் அட்டவணை ஒட்டப்பட்டிருக்கிறது: வழங்கிய தேதி, நூலின் நிலை, மாணவரின் இனம். முதல் பதினொரு வரிசைகளிலும் வெள்ளையின மாணவர்கள். நூலின் நிலை "மிக மோசம்" என்று ஆன பிறகு, பன்னிரண்டாவது வரிசையில் கறுப்பினத்தவரைக் குறிக்கும் இழிசொல். அவன் புத்தகத்தைத் தரையில் எறிந்து மிதிக்கிறான், பிரம்படி வாங்குகிறான். அடிக்கும் ஆசிரியையும் கறுப்பினத்தவரே. பிள்ளைகள் நிலைமையை என்றைக்காவது தெரிந்துகொள்ளத்தான் வேண்டும் என்பது அவர் வாதம். அதே பள்ளியில் ஆசிரியையான சிறுவனின் தாய், தெரிந்துகொள்வதற்காக அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை என்று பதில் சொல்லிவிட்டு, பசையும் தாளும் எடுத்து அந்த அட்டவணைகளை மறைத்து ஒட்டுகிறார். நான் கைப்பிரதிகளில் தேடிக்கொண்டிருந்த வேறுபாட்டை இவ்வளவு தெளிவாக வேறெங்கும் படித்ததில்லை.

பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' நாவலில் பண்ணையில் ஆடு மேய்க்கும் தலித் சிறுவன் கூளையனும் பண்ணையாரின் மகன் செல்வனும் சேர்ந்தே விளையாடுகிறார்கள்; ஆனால் யார் யாருக்கு ஏவல் செய்ய வேண்டும் என்று இருவருக்கும் தெரியும். அப்படியொரு நட்பில் கள்ளமின்மை என்று எதைச் சொல்வது என்ற கேள்வி அந்த நாவலைப் படித்த நாள் முதல் என்னுடன் இருக்கிறது.

இத்தகைய நூல் ஒவ்வொன்றுக்கும் அச்சுக்கு முன் ஒரு விவாதம் நடக்கும்: பின்னட்டையில் எந்த வயதைக் குறிப்பிடுவது? பிள்ளைகளின் மனம் கெட்டுவிடும் என்ற அச்சம் புதியதன்று. 1966இல் வர்ஜீனியாவின் ஹனோவர் மாவட்டப் பள்ளி வாரியம் ஹார்ப்பர் லீயின் நாவலை ஒழுக்கக்கேடானது என்று விலக்கியது. கறுப்பினச் சிறுமி ஒருத்தியின் கதையான டோனி மாரிசனின் 'தி புளூயஸ்ட் ஐ', அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிடும் அதிக எதிர்ப்புக்குள்ளான நூல்களின் பட்டியலில் பலமுறை இடம்பெற்றிருக்கிறது. வன்முறையையும் பாலியல் கொடுமையையும் நேரடியாகச் சித்திரிக்கும் பகுதிகளுக்கு வயது பார்ப்பது சரி என்றே நானும் நினைக்கிறேன். பாகுபாட்டைப் பற்றிப் பேசுகிறது என்பதற்காக மட்டும் வயதை உயர்த்துவதை ஏற்க மாட்டேன். பென்சில்கள் எண்ணப்படும் வீட்டிலிருந்து திரும்பி வந்த எட்டு வயதுக் குழந்தைக்கு அந்த விஷயத்தில் நாம் காப்பாற்றித் தர எதுவும் மீதமில்லை. அந்த நாவலுக்கு விற்பனைப் பிரிவினர் பதினான்கு வயது என்றார்கள், நான் ஒன்பது என்றேன். பத்து வயதுக்கு மேல் என்ற குறிப்போடு நூல் அச்சுக்குப் போயிற்று.