வேதியியலில் 43, ஆனாலும் தேர்ச்சி இல்லை

பிளஸ் டூ முடிவு அப்பாவின் செல்லுக்குக் குறுஞ்செய்தியாக வந்தது. ஏற்காட்டில் எங்கள் எஸ்டேட் லைன் வீட்டில் சிக்னல் சரியாக இருக்காது. மேட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். கணிதம் 92, இயற்பியல் 84. வேதியியல் 43, பக்கத்தில் தேர்ச்சி இல்லை என்று போட்டிருந்தது. 35 எடுத்தால் பாஸ்தானே, ஏதோ தப்பாக வந்திருக்கிறது என்றே முதலில் நினைத்தேன்.

தப்பு இல்லை. செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10, இந்த முப்பதும் எனக்கு முழுசாகக் கிடைத்திருந்தது. எழுத்துத் தேர்வில் எழுபதுக்கு 13. மொத்தம் 35 தாண்டினாலும் எழுத்தில் மட்டும் 15 எடுத்தாக வேண்டும். இந்த விதி அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இதைப் படிக்கும் தம்பி தங்கைகள் இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

பொறியியல் கட் ஆஃப் கணக்குதான் என்னைக் கெடுத்தது. இருநூறில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. கணக்கைப் பிடித்துக்கொண்டால் போதும் என்று வருஷம் முழுக்க அதிலேயே உட்கார்ந்தேன். கரிம வேதியியல் பாடங்களைத் திறக்கவே இல்லை. பிளஸ் ஒன்னில் நல்ல மார்க்தான். ஆனால் கலந்தாய்வுக்கு அது சேராது, பிளஸ் டூ மார்க் மட்டும்தான்.

"பாலிடெக்னிக்ல போட்டுடலாம், அதுக்குப் பத்தாவது மார்க் போதும்"னு சித்தப்பா சொன்னார். அம்மா ஒன்றும் பேசவில்லை. ராத்திரி, "உனக்கு என்ன படிக்கணும் கண்ணு?"ன்னு மட்டும் கேட்டாங்க. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் பள்ளிக்குப் போய் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்தேன். நகல் வாங்கினால்தான் மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்க முடியும். "அது வர்ற வரைக்கும் காத்திருக்காதம்மா, துணைத் தேர்வுக்கும் இப்பவே பணம் கட்டிடு"ன்னு வேதியியல் சார் பிடிவாதமாக நின்று கட்டவைத்தார். அவர் அன்று சொல்லாமல் விட்டிருந்தால் ஒரு வருஷம் போயிருக்கும்.

கோடை விழாவுக்கு மலையே நிறைந்திருந்த நாளில் நகல் கிடைத்தது. சாரும் நானும் பக்கம் பக்கமாகப் பார்த்தோம். ஒரு மார்க்கூட விட்டுப்போகவில்லை. திருத்தியவரைக் குறை சொல்ல வழியே இல்லை. ஒரு மதிப்பெண் வினா பதினைந்தில் ஆறுதான் சரி. ஐந்து மதிப்பெண் வினாக்களில் நான்கு வெறும் பக்கமாகக் கிடந்தன. "இந்தப் பதினஞ்சையும் சரியா போட்டிருந்தாலே பாஸும்மா"ன்னார் சார். மறுமதிப்பீடு கேட்கவில்லை.

புத்தகத்தில் 15 பாடம். பாடத்தின் பின்னால் இருக்கும் ஒரு மதிப்பெண் வினாக்களை முதலில் முடித்தேன். அப்புறம் ஹைட்ராக்ஸி சேர்மங்கள், கார்பனைல் சேர்மங்கள். வினைகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி, சமைக்கும்போதும் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் இ-சேவை மையத்தில் சாதிச் சான்றும் முதல் பட்டதாரிச் சான்றும் வாங்கிவைத்தேன்.

தேர்வு மையம் சேலத்தில். முதல் பஸ்ஸில் அப்பாவும் கூட வந்தார். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கும் வரை புத்தகத்தைத் திறக்கவில்லை, திறந்தால் எனக்குத் தலை சுற்றும். கண்ணை மூடி வினைகளைச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

எழுத்தில் 41 வந்தது, செய்முறையோடு 71. கட் ஆஃப் 169.5. ஆனால் அதற்குள் பொதுக் கலந்தாய்வு நடந்து, நான் ஆசைப்பட்ட கருப்பூர் அரசுப் பொறியியல் கல்லூரி இடங்கள் போய்விட்டன. அந்த வலி இன்னும் இருக்கிறது. துணைக் கலந்தாய்வில் மிச்சமிருந்த இடங்களில் தேடி, சேலத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் எலக்ட்ரிக்கல் எடுத்தேன்.

முதல் பருவத்திலேயே வேதியியல் பாடம் இருக்கிறது. சுவரில் ஒட்டிய தாளைக் கிழியாமல் பிரித்து ஹாஸ்டலுக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.